கண் திறக்காத கார்

தேயிலைத் தோட்டம், பிரிஞ்சாங் வழி,
கேமரன் மலை.
ஆகஸ்ட் 1988

ஜப்பானில் இருக்கும் என் மகன் செல்வராஜுவுக்கு அம்மா சரோஜா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். உடம்புக்கு என்றுதான் எழுதியிருக்கிறேன், மனசைப் பற்றி இன்னும் எழுதவில்லை, அது பின்னால் வரும், நீ அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைத் திருப்பாமல் வரிசையாகப் படி. இங்கே ஓயாத மழை, மலைச் சரிவில் ஏறினால் கால் வழுக்குகிறது, இப்போது கொழுந்தைக் கையால் கிள்ளுவது குறைந்து கத்தரிக்கோலால் வெட்டச் சொல்கிறார்கள், அதில் எனக்கு மணிக்கட்டு வலி வந்து தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். கோயில் திருவிழாவுக்கு வசூல் ஆரம்பித்துவிட்டார்கள், சாமிச் சிலைகளுக்கு இந்த வருஷமும் உன் அப்பாதான் வர்ணம் அடிக்கப் போகிறார். அவர் கை இப்போது எதற்கெல்லாம் வர்ணம் அடிக்கிறது என்பதைத்தான் எழுத வந்தேன். நீ ஒன்றும் தெரியாதவன் போலவே படித்துக்கொண்டு வா.

உன்னோடு அங்கே வேலை செய்கிற வேலப்பன் லீவில் வந்து நம் வீட்டுக்கும் வந்தான். எனக்கு நீ கொடுத்தனுப்பிய குடையையும் கம்பளிச் சட்டையையும் கையில் கொடுத்தான், அப்பாவுக்கு என்று ஒரு அட்டைப் பெட்டியைக் கொடுத்தான். என் முகத்தை மட்டும் பார்க்கவே இல்லை. என் மகன் எப்படிடா இருக்கான் என்று கேட்டேன், நல்லா இருக்காரும்மா என்று சொல்லிவிட்டு, கொதிக்கிற தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டான். ஒளிக்க ஒன்றும் இல்லாதவன் அப்படி வாயைச் சுட்டுக்கொள்வானா. அப்போதே எனக்குச் சுருக்கென்றது. உன் அப்பாவோ பெட்டியைப் பிரிக்கக்கூட இல்லை, நேரே கொல்லையில் லோரி பெயிண்ட் வைத்திருக்கும் கொட்டகைக்குக் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டார். என்ன அது என்றேன். தொரையோட பொருளு, வேலைக்குக் குடுத்திருக்காரு, நீ ஒண்ணும் கேக்காத லா என்றார். தொரையின் பொருள் என் மகன் கையிலிருந்து ஏன் வர வேண்டும் என்று கேட்டேன், தொரைதான் அங்கேருந்து வாங்கிட்டு வரச் சொன்னாரு என்றார். பொய் சொல்லும்போது உன் அப்பா காதைச் சொறிவார், உனக்கும் தெரியும். அன்றைக்குக் காது சிவந்துபோகிற அளவுக்குச் சொறிந்தார்.

மறுநாள் அவர் பெட்டியைப் பிரித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போன நேரத்தில் பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். ஒரு காரின் மேல்கூடு மட்டும் இருந்தது, சக்கரம் இல்லை, எஞ்சின் இல்லை, நண்டு ஓடு மாதிரி உள்ளே வெறும் பள்ளம். அதுவும் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் தெரிகிற பிளாஸ்டிக். கேக்கை மூடி வைக்கிற மூடியோ என்றுகூட முதலில் நினைத்தேன். பிறகுதான் கூத்து ஆரம்பமானது. கல்யாணம் ஆன நாள் முதலாகத் தான் சாப்பிட்ட தட்டைக் கழுவி அறியாத மனுஷன், என் பாத்திரம் கழுவும் சோப்பை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கூட்டை உள்ளும் புறமும் கழுவினார். பிள்ளை பெற்ற வீட்டில்கூட அப்படிப் பக்குவமாகக் குளிப்பாட்டிப் பார்த்ததில்லை. கழுவிய பிறகு விரல் படாமல் ஓரத்தை மட்டும் துணியால் பிடித்துத் தூக்கி, தூசு விழாமல் என் சோறு மூடுகிற கூடையைக் கவிழ்த்து மூடிக் காயவைத்தார். விரல்ல இருக்கிற எண்ணெ பட்டா வர்ணம் ஒட்டாது புள்ள என்று எனக்குப் பாடம் வேறு. அப்புறம் பேப்பர் டேப்பைச் சவரக் கத்தியால் நறுக்கி நறுக்கிக் கண்ணாடி வர வேண்டிய இடத்தையெல்லாம் உள்பக்கமாக ஒட்டி மறைத்தார். லோரிக்கு அடிக்கிற பெயிண்ட் டின் பக்கத்திலேயே கிடக்க, ஜப்பான் எழுத்துப் போட்ட குட்டிக் குட்டிப் புட்டிகளைத் திறந்து பூனைமுடித் தூரிகையால் தொட்டுத் தொட்டு அடித்தார். லோரி பெயிண்ட் இந்த பிளாஸ்டிக்ல உள்ள அடிச்சா, வளையுறப்ப செதில் செதிலா உதுந்துடும் என்றார். தொரை வீட்டு விளையாட்டுச் சாமான் உதிர்ந்தால் இவருக்கு என்ன வந்தது.

அதைவிட ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குப் பெரிய சந்தேகம். ஞாயிறு வந்தால் இஸ்திரி போட்ட சட்டை, தலைக்கு எண்ணெய், பிரிஞ்சாங் போறேன் டேப் வாங்கணும் என்று கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது கையில் டேப் இருக்காது, முகத்தில் சிரிப்பு மட்டும் இருக்கும். ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டே தனக்குத்தானே சிரிக்கிற புருஷனைப் பார்த்துக்கொண்டு எந்தப் பெண் சும்மா இருப்பாள். தொரை பங்களாவில் சமைக்கிற காளியம்மாவைப் பிடித்து விசாரித்தேன். தொரையாவது காரு வாங்குறதாவது, அவரு புள்ளைங்க ரெண்டும் கோலாலம்பூர்ல காலேஜ் படிக்குது, வீட்டுல பொம்ம ஏது என்றாள். அதோடு விட்டாளா, அண்ணன் பிரிஞ்சாங்ல சீனன் கடை டெலிபோன் பக்கத்துல உக்காந்து வெக்கப்பட்டு வெக்கப்பட்டுச் சிரிச்சிக்கிட்டு இருந்தாரு, என் கண்ணால பாத்தேன் க்கா என்று உப்புப் புளி எல்லாம் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். வெட்கப்பட்டாராம். எனக்கு வயிறு எரிந்தது செல்வராஜு. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

போன வாரம் அவர் கோயில் கூட்டத்துக்குப் போயிருந்தபோது கொடியில் கிடந்த சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொட்டகையைத் திறந்தேன். கூடு மல்லாந்து கிடந்தது. உள்ளே பார்த்தால் வர்ணத்துக்கு அடியில் புடைத்துக்கொண்டு ஏதோ எழுத்து, தமிழ் போலவும் இருக்கிறது, தமிழ் இல்லை போலவும் இருக்கிறது, ஒவ்வொரு எழுத்தும் புறமுதுகு காட்டிக்கொண்டு நிற்கிறது. யாரோ செய்வினை வைத்துக் கொடுத்ததை இவர் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார் என்று நினைத்து அடுப்பில் போட்டுவிடலாம் என்றுதான் தூக்கினேன். தூக்கித் திருப்பினால் வெளிப்பக்கம் நம் தோட்டத்து லோரி மாதிரியே பச்சை, நடுவில் மஞ்சள் பட்டை, அதற்கு மேலே முத்து முத்தாக நேரான எழுத்தில் தாமரை என்று ஒரு பெயர். செய்வினையாகவே இருந்திருக்கக் கூடாதா என்று ஆகிவிட்டது எனக்கு. எனக்குத் தெரிந்த தாமரை ஒருத்திதான், கோலா தெர்லாவில் கோஸ் விற்கிறவள், புருஷன் இல்லாதவள், மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டவள். அங்கேதான் போய் வருகிறார், டேப்பும் இல்லை கீப்பும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

அன்றைக்கு நான் உலை வைக்கவில்லை. அவர் சாப்பிட வந்து உட்கார்ந்தபோது தட்டு வைக்கிற இடத்தில் அந்தக் காரை வைத்தேன். கோலா தெர்லாக்காரிக்கு இதை எப்பக் கொண்டு போய்க் குடுக்கப் போறீங்க, நானும் கூட வரட்டா என்று கேட்டேன். உன் அப்பா முதலில் ஒன்றும் புரியாமல் முழித்தார், பிறகு சிரித்தார், சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். தாமரைங்கிறது ஒன் பேத்தி புள்ள, மூணு வயசு ஆவுது, டெலிபோன்ல என்னை தாத்தான்னு கூப்புடுது என்றார்.

இப்போது மனசைப் பற்றி எழுதுகிறேன். நீ அங்கே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டாய், ஒரு பிள்ளை பிறந்து அதற்கு மூன்று வயசும் ஆகிவிட்டது, அதற்குத் தமிழில் பெயரும் வைத்திருக்கிறாய். உன் அப்பாவுக்குத் தெரியும், வேலப்பனுக்குத் தெரியும், டெலிபோன் வைத்திருக்கிற சீனனுக்குத் தெரியும், பெற்றவளுக்கு மட்டும் தெரியாது. விமான நிலையத்தில் நான் சொன்னதைத்தானே காரணம் காட்டுவாய். அங்கே எவளையாவது கட்டிக்கிட்டா இந்த வீட்டுப் படி ஏறாதேன்னு சொன்னேன். சொன்னேன்தான், இல்லை என்று சொல்லவில்லை, மகனைத் தூரத்துக்கு அனுப்புகிற எந்தத் தாய் அப்படிச் சொல்ல மாட்டாள். படி ஏறாதே என்றுதானே சொன்னேன், பிள்ளை பிறந்தால் என்னிடம் சொல்லாதே என்றா சொன்னேன். மூன்று வருஷமாக அந்தக் குழந்தை பல் முளைத்ததும் நடந்ததும் எனக்குத் தெரியாது. எனக்கு வலிக்கிறது ராஜு. கத்தரிக்கோல் பிடித்த மணிக்கட்டு வலியெல்லாம் ஒரு வலியே இல்லை.

அந்தக் கூடு வந்த கதையையும் உன் அப்பாவிடமிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டேன். உன் மாமனார் பொம்மைக் கடை வைத்திருந்தாராம், கடையை மூடும்போது இது ஒன்றுதான் மிஞ்சியதாம், பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய மாடலாம், இப்போது யாரும் செய்வதில்லையாம், எத்தனையோ பேர் கேட்டும் விற்காமல் வைத்திருந்தாராம். பேத்தி அவரோடு சேர்ந்து, கையில் இருக்கிற பெட்டியை அமுக்கினால் ரேடியோவில் ஓடுகிற ஒரு காரைப் பூங்காவில் ஓட்டுகிறாளாம், அதன் மேல் மாட்டத்தான் இந்தக் கூடாம். இதற்கு வர்ணத்தை மலேசியாத் தாத்தாதான் அடிக்க வேண்டும் என்று அவர்தான் சொன்னாராம். முகம் தெரியாத, பாஷை தெரியாத மனுஷனுக்கு நம் ஞாபகம் வந்திருக்கிறது. என் வயிற்றில் பிறந்தவனுக்கு வரவில்லை.

அழுது முடித்துவிட்டுத்தான் அந்தக் காரை நிதானமாகப் பார்த்தேன். எல்லாம் இருக்கிறது, முன்னால் விளக்கு இல்லை. எங்கே என்று கேட்டதும் உன் அப்பா முகம் செத்துவிட்டது. உன்னிடம் சொல்லப் பயந்து இதையும் மறைத்து வைத்திருந்திருக்கிறார், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். இந்த பிளாஸ்டிக்குக்கு உள்பக்கம்தான் அடிக்க வேண்டுமாம், முதலில் எதை அடிக்கிறோமோ அதுதான் வெளியே தெரியுமாம், பின்னால் அடிப்பதெல்லாம் அதன் முதுகில் மறைந்துவிடுமாம். பெயரை முதலில் எழுதிவிட்டார், கடைக் கண்ணாடியில் உள்ளேயிருந்து திருப்பி எழுதிப் பழக்கம் இருக்கிறது. விளக்கையும் பச்சைக்கு முன்னால் வைத்திருக்க வேண்டும். ஆனால் இத்தனை வருஷமாகச் சாமிக்கு வர்ணம் அடிக்கிற கை, எல்லாம் முடிந்த பிறகுதான் கண். விளக்குன்னா அதுக்குக் கண்ணுதானே புள்ள, மொதல்லயே கண்ண வக்கிறதுக்கு எனக்குக் கை வரல, கடைசில வச்சிக்கலாம்னு பச்சைய அடிச்சிட்டேன், அப்பறம் வச்சா வெளிய ஒண்ணுமே தெரியல என்றார். சுரண்டினால் கீறல் விழும், வேறு கூடு உலகத்திலேயே கிடைக்காது. புள்ளயோட பொருள நான் குருடாக்கிட்டேனே என்று குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது, உன் மேல் இருப்பது போகவில்லை.

பிறகு அவரே ஒரு வழி சொன்னார், வெளிப்பக்கமாகவே விளக்கை வரைந்துவிடலாம், கொஞ்சம் தேயும், பரவாயில்லை என்று தூரிகையை எடுத்தார். நான்தான் கையைப் பிடித்துக்கொண்டேன். சாமிக்குக் கண் திறந்தால் முதலில் அது பார்ப்பதற்குக் கன்றோடு பசுவையும் கன்னிப் பிள்ளையையும் கொண்டுவந்து நிறுத்துகிறோம். இதற்கு இங்கே கண் திறந்தால் யார் முகத்தைப் பார்க்கும், சண்டை போட்டு வீங்கிய எங்கள் இரண்டு பேர் முகத்தையா. யாருக்காகச் செய்ததோ அவள் எதிரில் உட்கார்ந்தால்தான் கண் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். காரை என் சேலைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன், சாவி என் தாலிக் கயிற்றில் இருக்கிறது. வேலப்பனை அனுப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதே, தபாலிலும் வராது, உன் அப்பா கெஞ்சினாலும் வராது.

அந்தப் பெண் நொரிகோவுக்கும் உனக்கும் தாமரைக்கும் மாரியம்மன் நீண்ட ஆயுசையும் நோய் நொடி இல்லாத உடம்பையும் கொடுக்கட்டும். உன் மாமனாருக்கு என் கும்பிடைச் சொல், மறக்காதே. குழந்தைக்குக் காரம் சேருமா, சோறு சாப்பிடுவாளா, யாரைக் கண்டால் அழுவாள் என்பதையெல்லாம் விவரமாக எழுது. காலையில் இங்கே குளிர் உனக்குத் தெரியும், அவளுக்குக் காது மூடுகிற குல்லா எடுத்துக்கொள். லீவு கிடைக்கவில்லை என்று எழுதாதே, நம்ப மாட்டேன். படம் பிடித்து அனுப்புகிறேன் என்றும் எழுதாதே, அதையும் நம்ப மாட்டேன். எனக்கு ஒரு பேத்தி இருக்கிறாள் என்பதையே அவளை என் மடியில் உட்கார வைத்த பிறகுதான் நம்புவேன்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத
உன் அம்மா
சரோஜா செல்லையா