பதநீர்க் கூடத்துச் சன்னல்

4 மார்ச் 1962, திண்டிவனம்

இல்லை, பதநீர் குடித்ததில்லை. ஒருமுறைகூட. யாரும் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்குக் காலையிலிருந்து ஒத்திகை.

பனைவெல்லச் சங்கத்தின் காரியதரிசி மாசிலாமணி கேட்டது இவ்வளவுதான்: விழுப்புரம் சாலையில், பனங்காட்டை ஒட்டி ஒரு கூடம். காரில் போகிறவர்கள் இறங்கி, உட்கார்ந்து, பதநீர் ருசி பார்க்க வேண்டும். "கள்ளுக்கடை மாதிரி இருக்கவே கூடாதும்மா, மதுவிலக்கு இருக்குது. அதுக்குன்னு காபி கிளப் மாதிரியும் வேணாம்." பிறகு எது மாதிரி? அவருக்குத் தெரியாது. சென்னையில் கட்டடக் கலை படித்துவிட்டு வந்த எனக்கும் தெரியாது. என் முதல் கட்டடம்.

அந்திக்கு முன் சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா சொன்னார்: "அதுல தேனீ உழுந்து சாவுது ரத்னா. ஜைனருங்க நாம, நயினாருங்க, குடிக்கறதில்ல. நீ கட்டறதப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல." சொல்லவில்லை என்று இரண்டு தடவை சொன்னார்.

9 மார்ச்

விடியலில் பனங்காடு. கிழக்கே பார்த்து ஒரு நீளச் சுவர், அதில் ஒரே ஒரு அகலமான சன்னல். உள்ளே வருபவனுக்கும் நிலத்துக்கும் நடுவே வேறெதுவும் வேண்டாம். மனசில் கட்டி முடித்தே விட்டேன்.

பிறகுதான் பார்த்தேன். அந்தச் சன்னல் வரும் இடத்துக்கு நேர் வெளியே கெங்கம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். மரம் ஏறும் சின்னதுரையின் மனைவி. அவர் இறக்கித் தரும் கலயங்களைத் துணியில் வடிகட்டுகிறாள். துணியில் ஒரு கைப்பிடி தேனீ. சிலவற்றுக்குக் கால் அசைகிறது. ஒரே உதறு, மணலில்.

"நயினாரூட்டுப் பொண்ணு ஏன் மூஞ்சத் திருப்பிக்கினு நிக்குது? ஈ வந்தாத்தான் இனிப்புன்னு அர்த்தம். ஏன், உங்கப்பாரு மல்லாட்டை மண்டியில எலி சாவறதில்லியா?"

அப்பாவின் நிலக்கடலை மண்டியை நினைத்துச் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கலாமா?

வீட்டில் அம்மாவும் துணியை மடித்துத்தான் தண்ணீர் வடிகட்டுகிறாள். ஆனால் உதறுவதில்லை. அலசி, அந்தத் தண்ணீரைக் கிணற்றுக்கே திருப்பி அனுப்புகிறாள், அதிலுள்ள உயிர்கள் வந்த இடத்துக்குப் போகட்டும் என்று.

10 மார்ச்

நிலம் எவ்வளவு தூரத்திலிருந்து அழகு?

15 மார்ச்

மாசிலாமணி வரைபடத்தைப் பனங்காட்டிலேயே விரித்துப் பார்த்தார். "பிரமாதம். ஆனா செத்த ஈயப் பாத்துக்கினு எவன்மா குடிப்பான்? சன்னலுக்கு வெளிய ஒரு ஓலைத்தட்டி வையுங்க. பனந்தலை மட்டும் தெரிஞ்சா போதும்."

கெங்கம்மாள் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். தடவினால் பதநீர், தடவாமல் விட்டால் புளித்துக் கள். தலை நிமிராமல் சொன்னாள்:

"மறைக்காதீங்க சாமி. மறைச்சா கள்ளுன்னுவாங்க. போன வருசம் அந்தப் புதர் மறைவுல இருந்தோம்னுதானே எங்க ஊட்டுக்காரர போலீஸ்காரங்க இட்டுக்கினு போனாங்க? நாலு பேரு கண்ணு முன்னால தடவினா எவன் கேப்பான்?"

"உன்னைக் கேட்டனா?" என்றார் அவர்.

"கேக்கலன்னுதான் சொல்றேன்."

திறந்தே இருக்கட்டும் என்று வாய்வரை வந்தது. யாருக்காக? கெங்கம்மாளுக்காகவா? இல்லை, குடிக்கிற ஒவ்வொருவனும் அந்தத் தேனீயைப் பார்க்க வேண்டும் என்று எனக்குள் இருக்கும் அப்பா சொல்கிறாரா? சன்னல் என்ற பெயரில் ஒரு கண்டனத்தைக் கட்டப் போகிறேனா?

தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை.

17 மார்ச்

தட்டி வரைந்தேன். என் மதத்தைச் சுவரில் பூச வேண்டாம் என்று. இது நியாயம்தானே? நியாயம்போலத்தான் இருக்கிறது.

22 ஏப்ரல்

கூடம் எழுந்துவிட்டது. உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். தட்டிக்கு மேலே பனந்தலைகள், வானம். அடிமரம் இல்லை, ஆள் இல்லை, ஈ இல்லை. படம்போல இருக்கிறது.

படமேதான்.

26 ஏப்ரல்

போலீஸ் வந்தது. ஜீப்பை விட்டு இறங்கியதும் முதல் கேள்வி: "தட்டி எதுக்கு? உள்ள என்ன மறைக்கறீங்க?" சங்கத்தின் பெயரைச் சொல்லியும் கேட்கவில்லை. கலயங்களை உடைத்தார்கள். சின்னதுரையை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணலெல்லாம் பதநீர். சுண்ணாம்பு ஒட்டிய ஓடுகள். மாசிலாமணி, "பேஜாராப் போச்சும்மா, பேஜாராப் போச்சு" என்று சுற்றிச் சுற்றி வந்தார். கெங்கம்மாள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஓடு பொறுக்கிக்கொண்டே, "தட்டி அழகாத்தான் கீது" என்றாள்.

அய்யோ, நான்தானே வரைஞ்சேன். அவ வேணான்னு சொன்னாளே. காதுல கேட்டுச்சே. என் மனசு சுத்தமா இருக்கணும்னு பாத்தேன் — அவ புருசன் போனான் —

28 ஏப்ரல்

சின்னதுரையை விட்டுவிட்டார்கள். ஆனால் தினமும் சீவ வேண்டிய பாளைகளை இரண்டு நாள் விட்டதில் சில காய்ந்துவிட்டன. அந்த மரங்கள் இந்தப் பருவத்துக்கு இனி இல்லை என்றார். என்னிடம் சொல்லவில்லை, மரத்தைப் பார்த்துச் சொன்னார்.

மாசிலாமணியிடம் தட்டியை எடுக்கச் சொன்னேன்.

"அப்ப ஈ?"

"தெரியட்டும்."

"எவனும் குடிக்கலன்னா?"

"கூடம் என் பேரில் தோற்கட்டும்."

இன்னும் என் மனசு சுத்தமில்லை. கெங்கம்மாளுக்காகவா, தேனீக்காகவா, எனக்காகவா? ஆனால் அது சுத்தமாகும்வரை அவள் காத்திருக்க முடியாது.

புதிதாக ஒன்று வரைந்தேன். சன்னலின் அடியில், வெளிப்பக்கமாக நீளும் அகலமான கருங்கல் பலகை. கெங்கம்மாள் நின்று வேலை செய்யும் உயரம். பாதி இறவாரத்து நிழலில், பாதி காலை வெயிலில். பார்த்துவிட்டு, "முதுகு வலிக்காது" என்றாள். அவ்வளவுதான்.

6 மே

முதல் நாள். இரண்டு கார், ஒரு மாட்டு வண்டி, அப்புறம் அதே போலீஸ்காரர்களில் ஒருவர், சட்டை மாற்றிக்கொண்டு. கெங்கம்மாள் அவர் முகத்துக்கு நேரே கலயத்தைக் கவிழ்த்துக் காட்டிச் சுண்ணாம்பு தடவினாள். "நல்லாப் பாத்துக்கோங்க சார். அப்புறம் பாக்கலன்னு சொல்லக்கூடாது." அவர் இன்னொரு டம்ளர் கேட்டார்.

காரில் வந்த ஒரு அம்மாள் துணியைப் பார்த்துவிட்டு, டம்ளரை வாயருகே நிறுத்தினாள். வெகுநேரம். குடிக்காமலே வைத்துவிட்டுப் போனாள். அவள் கணவர் குடித்தார். கூடம் ஜெயித்ததா, தோற்றதா? எழுதத் தெரியவில்லை.

மாசிலாமணி எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினார். "கட்டினவங்க குடிக்கலன்னா எப்பிடி?"

"இல்லை, நான் குடிப்பதில்லை." ஒத்திகை பார்த்ததைவிட மெதுவாகத்தான் வந்தது.

"அப்ப எப்பிடிம்மா கட்டினீங்க?"

கெங்கம்மாள் சன்னலுக்கு வெளியிலிருந்து கத்தினாள்: "குடிக்காட்டி போவுது, சும்மா நிக்காம இந்தத் துணியப் புடி. அடுத்த கலயம் வந்துடுச்சி, ஜல்தி."

வெளியே போய்த் துணியை வாங்கினேன். சில தேனீக்களுக்கு இன்னும் கால் அசைந்தது. உதறவில்லை. கல்லின் வெயில் பாதியில் இறகு காய விரித்து வைத்துவிட்டு, அவளுக்கு வேறு துணி எடுத்துக் கொடுத்தேன்.