தலைக்கட்டு வரி

அம்மன் கோயிலில் கூழ் வார்க்க வீட்டுக்கு வீடு வரி கேட்டு வந்தவர்கள் இன்று காலை என் வாசலை மட்டும் தாண்டிப் போனார்கள். "ஐயாதான் தவறிட்டாரே, அம்மாவ எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கினு" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. இரக்கம்தான். ஆனாலும் சுருக்கென்றது. உடனே நீதான் நினைவுக்கு வந்தாய்.

சுனாமிக்குப் பிறகு, மரக்காணம் பக்கத்தில் உன் குப்பத்துக்கு வந்த வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்துக்கு மொழிபெயர்க்கத் திண்டிவனத்திலிருந்து நான் வந்தேன். பிற நாட்டு அரசுகளின் உதவி வேண்டாம், எங்கள் வீட்டை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று நம் அரசு சொல்லியிருந்த நேரம். உங்கள் ஊர்ப் பஞ்சாயத்தும் அதையே சொன்னது. எது வந்தாலும் ஊர்தான் பங்கு வைக்கும், வெளியார் தலையிடக் கூடாது. ஊருக்கு வரி கட்டும் ஆண் இருந்தால்தான் ஒரு வீடு தலைக்கட்டு, தலைக்கட்டுக்குத்தான் பங்கு. உன் புருஷனைக் கடல் கொண்டுபோனதும் உன் வீடு கணக்கிலேயே இல்லை. இடிந்த சுவருக்குள் இரண்டு பிள்ளைகளோடு இருந்தாய்.

நிறுவனத்து வெள்ளைக்காரம்மா கொதித்துப் போனாள். வீடு உன் உரிமை, ஊரைக் கேட்காமல் நேரே உனக்குக் கட்டித் தருகிறேன் என்றாள். நானும் அவள் கட்சிதான். சூடு ஆறாமல் மொழிபெயர்த்தேன்.

"அவங்க கட்டிக் குடுத்துட்டுப் போயிடுவாங்க யக்கா. நான் இவங்களோடதான இருக்கணும்" என்றாய்.

மாலையில் பஞ்சாயத்து கூடிய இடத்தில் போய் நின்றாய். பங்கு கேட்பாய் என்று நினைத்தேன். நீயோ முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை நீட்டினாய்.

"மொதல்ல எங்கிட்ட வரி வாங்கிக்கிங்க."

"பொம்பளகிட்ட வரி வாங்குற பழக்கம் இல்லியேம்மா" என்றார் தலைவர்.

"கடலு பழக்கம் பாத்துக்கினா வந்துச்சி?"

தலைவர் கை நீட்டி வாங்கிக்கொண்டார். உன் பின்னாலேயே மற்ற விதவைகளும் முடிச்சை அவிழ்த்தார்கள். நிறுவனம் கொடுத்த வீடு ஊர் கையால் உனக்கு வந்தது.

என்ன நடந்தது என்று வெள்ளைக்காரம்மா கேட்டாள். தலைக்கட்டுக்கு எனக்கு ஆங்கிலம் கிடைக்கவில்லை. "இனி இவளும் ஊர்" என்று மட்டும் சொன்னேன்.

பின்னொரு வருஷம் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. அந்த வீட்டில் இப்போது உன் மகள் குடியிருக்கிறாள். உதவ வந்தவள் நான் என்றுதான் அன்று நினைத்திருந்தேன். உன்னிடம் வாங்கிக்கொண்டு திரும்பியவள் நான்தான் தங்கச்சி.

வரி கேட்டவர்கள் தெருக்கோடி வரை போய்த் திரும்பினார்கள். நடுத்தெருவில் மறித்து நின்றேன்.

"வேணாங்கம்மா, உங்களுக்கு எதுக்கு" என்றார்கள்.

முந்தானை முடிச்சை அவிழ்த்தேன். "மொதல்ல எங்கிட்ட வரி வாங்கிக்கிங்க."