வரவில்லை என்று சொன்ன படிவம்

அன்புள்ள பேராசிரியர் அம்மா அவர்களுக்கு,

உன் வருகைப் பதிவேட்டில் இல்லாத ஒருவன் எழுதிக்கொள்வது. இங்கே எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. உனக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

முதலில் படிவம். உன்னை இன்னும் மூன்று வருடம் வைத்துக்கொள்ளப் பல்கலைக்கழகம் அனுப்பிய படிவம் இந்த உறைக்குள்தான் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு இருபத்தெட்டாம் தேதிக்குள் அலுவலகத்தில் கொடுக்க வேண்டுமாம். இரண்டு தடவை போனில் கேட்டாய். இரண்டு தடவையும் இன்னும் வரவில்லை என்றேன். வந்து பதினோரு நாள் ஆகிறது. கடையில் குழந்தைகளுக்கான பிரேம்கள் வைக்கும் இழுப்பறையின் அடியில் ஒளித்து வைத்திருந்தேன். தபால்காரர் மேல் அநியாயமாகப் பழியைப் போட்டேன், பாவம். நிரந்தர முகவரி என்ற இடத்தில் நம் வீட்டை எழுதிக் கொடுத்திருக்கிறாய். அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏன் ஒளித்தேன் என்றால், பொறாமை. வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. நம் மகளிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அம்மாவோட ஸ்டூடண்ட்ஸ் மேல போய் யாராவது பொறாமைப்படுவாங்களாப்பா என்று விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கட்டும். அவளுக்குக் கல்யாணமாகி நாலு வருடம்தான் ஆகிறது.

இருபத்தாறு வருடம் அந்த மருத்துவமனையின் செய்தித் தொடர்பாளராக இருந்தாய். அங்கே லிஃப்ட் நின்றாலும் சரி, யாராவது பெரிய மனிதர் வந்து படுத்தாலும் சரி, பத்திரிகைக்காரர்களின் முதல் போன் உனக்குத்தான். சாப்பிட உட்கார்ந்து, கடையில் நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்ல ஆரம்பிப்பேன். பாதியில் போன் அடிக்கும். ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டிவிட்டு எழுந்து போவாய். திரும்பி வந்து, எங்க விட்டீங்க என்று கேட்பாய். எங்கே விட்டேன் என்று எனக்கே மறந்திருக்கும். முடிவு சொல்லாத கதைகள் என்னிடம் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. நான் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஓய்வு பெறட்டும், அப்புறம் நம் முறை என்று பல்லைக் கடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். ஓய்வு பெற்று மூன்று மாதம்கூட ஆகவில்லை. பல்கலைக்கழகத்தில் தகவல் தொடர்பியல் பாடம் நடத்தக் கூப்பிட்டார்கள், ரயிலில் ஏழு மணி நேர தூரத்துக்குப் பெட்டியைக் கட்டிவிட்டாய். எனக்கு முன்னால் நாற்பத்திரண்டு பிள்ளைகள் வரிசையில் புகுந்துவிட்டார்கள்.

போன மாதம் இரண்டு நாள் வந்தேன் அல்லவா, அங்கே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தேன். அந்த ஒளிப்பதிவு வாத்தியாரைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், உள்ளேயே வைத்திருந்தால் எனக்குச் செரிக்காது. பிளாஸ்கில் காபி கொண்டுவந்து உனக்கு முதலில் ஊற்றுகிறார். உன் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறார். நல்ல மனிதர்தான், மறுக்கவில்லை. அவர் கண்ணாடி இடது பக்கம் சாய்ந்து மூக்கில் அழுந்திக்கொண்டிருந்தது. அரை நிமிட வேலை. முப்பத்தைந்து வருடமாகக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்குக் கை சும்மா இருக்குமா? இருந்தது. கஷ்டப்படட்டும் என்று விட்டுவிட்டேன். என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த ஒரே துரோகம் அதுதான்.

ஆனால் என்னைச் சாய்த்தது அவர் இல்லை. உன் வகுப்பு.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கெட்ட செய்தி கேட்டவர்களிடம் எப்படிப் பேசுவது என்பது அன்றைய பாடம். முடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு பெண்ணை முன்னால் கூப்பிட்டு நோயாளியின் உறவினராக நடிக்கச் சொன்னாய். எப்படி இருக்கீங்க என்று கேட்டாய். பரவாயில்ல மேடம் என்றாள். உடனே வகுப்பைப் பார்த்துத் திரும்பினாய். எல்லாரும் இதைக் கேட்டுட்டுக் கிளம்பிடுவாங்க, முதல்ல சொல்ற பதில் நம்மள அனுப்பி வைக்கிறதுக்காகச் சொல்றது, போகாதீங்க, உக்காந்து மறுபடி கேளுங்க என்றாய். நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்து அதே கேள்வியை மெதுவாக மறுபடி கேட்டாய். அப்புறம் நடிப்பு போய், சொந்தக் கதை வந்துவிட்டது. இந்தப் படிப்பில் சேர்ந்ததிலிருந்து அப்பா அவளோடு பேசுவதில்லையாம். அழுதுகொண்டே சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து மேசையில் உன் போன் துடித்தது. நான் போனைப் பார்த்தேன், உன்னைப் பார்த்தேன். நீ திரும்பவே இல்லை. ஏதோ அவசரமாகத்தான் இருக்க வேண்டும், மூன்று தடவை விட்டு விட்டுத் துடித்தது. நீ அந்தப் பெண்ணின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் கதையை முடிக்கும் வரை கேட்டாய். முடிவு வரை!

நான் எழுந்து வராந்தாவுக்கு வந்துவிட்டேன். வகுப்பில் புழுக்கம் தாங்கவில்லை என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். மகள் வயதுப் பெண்ணைப் பார்த்து வயிறு எரிகிறதே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டாலும் எரிச்சல் அடங்கவில்லை.

அன்று சாயங்காலம், கிளாஸ் எப்படி இருந்துச்சு என்று கேட்டாய். நல்லா இருந்துச்சு என்றேன். சிரித்துவிட்டு விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டாய். அடுத்த வாரம் போனில், மூணு வருஷம் நீட்டிக்கக் கேக்கறாங்க, நீங்க என்ன சொல்றீங்க என்று கேட்டாய். உன் இஷ்டம் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டதா என்று விசாரித்தாய். நின்றுவிட்டது. நீ மறுபடி கேட்பாய் என்று காத்திருந்தேன். ஊருக்கே சொல்லித் தருகிறவளுக்கு என் ஒரு பதிலில் சந்தேகம் வராதா என்று காத்திருந்தேன். படிவம் அதற்காகத்தான் இழுப்பறையில் கிடந்தது.

நேற்று ஒருவருக்குக் கண் பரிசோதித்தேன். இதில் தெளிவாகத் தெரிகிறதா, அதிலா என்று கேட்டு, சொன்ன பதிலை நம்பாமல் லென்ஸை மாற்றிப் போட்டு மறுபடி கேட்டேன். முன்பின் தெரியாதவர்களிடம் தினமும் இருபது தடவை செய்கிற வேலை. இதை நான் உன்னிடம் எப்போது செய்தேன் என்று யோசித்தேன். அப்புறம் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ கேட்காவிட்டாலும் என் பதிலைத் திருத்திச் சொல்கிறேன். உன் இஷ்டம் என்று சொன்னது பொய். எனக்கு இஷ்டமில்லை. நீ இங்கே வேண்டும். எதிரில் உட்கார்ந்து நான் சொல்வதை நீ கேட்க வேண்டும். இது சுயநலம்தான். சுயநலம் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

இனி என் கேள்வி. நீ கிளம்புவதற்கு முந்தின நாள், ஓய்வு பெற்ற பிறகும் இது எதற்கு என்று உன்னிடம் கேட்டேன். சும்மா வீட்ல உக்கார முடியாதுங்க என்றாய். நானும் சரி என்று பெட்டிக்குக் கயிறு தேடப் போய்விட்டேன். இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள். வீட்டில் உட்கார முடியாமல் போனாயா, என்னோடு உட்கார முடியாமல் போனாயா?

எந்தப் பதிலானாலும் எழுது. போனில் வேண்டாம், போனில் நாம் இருவருமே சாமர்த்தியமாகப் பேசிவிடுவோம். இரண்டாவதுதான் உன் பதில் என்றால் படிவத்தில் தாராளமாகக் கையெழுத்துப் போடு, நான் கோபப்பட மாட்டேன். பதிலை மட்டும் எனக்கு அனுப்பாமல் இருந்துவிடாதே.

மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கு. பையை அந்த வாத்தியாரே தூக்கி வரட்டும்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் கணவன்