வேகம் எழுதாத தட்டு

பிரிஸ்டல்
9 பிப்ரவரி 1998

அன்புள்ள மார்வா,

பார்சலைப் பார்த்ததும், இவனுக்கு ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று நினைத்திருப்பாய். சரிதான், காரியம்தான்.

ஆல்பம் முடிந்துவிட்டது. நாம் சேர்ந்திருந்த காலத்தில் உன் ஆளுயர டபுள் பாஸில் நீ வாசித்து வைத்தது எல்லா டிராக்கிலும் இருக்கிறது. லெனாக்ஸ் ராத்திரிதோறும் தன் ரெக்கார்ட் கடையை மூடிவிட்டு வந்து சாக்ஸபோன் ஊதினான். மிச்சம் நானும் மெஷின்களும். பாட்டோ பேச்சோ கிடையாது. தொழிற்சாலையிலிருந்து மாதிரி இசைத்தட்டுகள் வந்திருக்கின்றன. நீ சரியென்று சொன்னால்தான் அச்சுக்குப் போகும். கூடவே ஒரு சம்மதத் தாள் வைத்திருக்கிறேன். வேண்டாம் என்றால் உன் பாஸை எடுத்துவிடுகிறேன். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நான் பதிவு செய்த மழைச் சத்தம்தான். அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய அவசியம் இந்த ஊரில் யாருக்கும் இல்லை.

நீ கிளம்பிய அன்று சொன்னது மறக்கவில்லை. "நான் மூச்சு விடறதுக்குள்ள நீ அடுத்ததுக்குப் போயிடற, நீல். வாசிக்கறப்பவும் அப்படித்தான், சாப்பிடறப்பவும் அப்படித்தான்." டாக்ஸி வந்ததும் உன் பெட்டியை நான்தான் அவசரமாகத் தூக்கி வைத்தேன்.

ஏப்ரலில் துறைமுகத்துக் கிளப்பில் இதை மேடையில் வாசிக்கிறோம். உன்னைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. கூப்பிட்டதாக வைத்துக்கொள்.

தட்டுகளின் நடுவில் ஒட்டிய சிட்டை வெறும் வெள்ளையாக இருக்கும். எது முதல், எது இரண்டாவது என்று மட்டும் பேனாவால் எழுதியிருக்கிறேன்.

நீல்


ஃபால்மவுத்
13 பிப்ரவரி

நீல்,

தட்டுகள் வந்தன. உடையவில்லை. கேட்பேனா என்று தெரியாது. நான் வாசித்ததை நீ நறுக்கி நறுக்கி ஒட்டுவதை ஒரு தடவை கேட்டாயிற்று, போதும். படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் வேலைக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் ஓய்வு, அன்றைக்குத் துணி கிடக்கிறது.

லெனாக்ஸை விசாரித்ததாகச் சொல்.

மார்வா


ஃபால்மவுத்
22 பிப்ரவரி

அன்புள்ள நீல்,

வேலைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டுவிடலாம் என்று மத்தியானம் தட்டைப் போட்டேன். முதல் டிராக்கிலேயே கை நின்றுவிட்டது. சட்டையின் முதுகில் இஸ்திரிப்பெட்டி அளவுக்குக் கருகல். நாளைக்கு உன்னால் நான் திட்டு வாங்கப்போகிறேன்.

என்னடா செய்து வைத்திருக்கிறாய்? என் பாஸை அப்படியே ஒரு தந்தி கீழே இறக்கியிருக்கிறாய். என்னிடம் இருப்பது நாலு தந்தி. தட்டில் கேட்பது என்னிடம் இல்லாத ஐந்தாவது. அந்த ஆழத்தில் வாசிக்க எனக்கு எவ்வளவு நாள் ஆசை தெரியுமா, உன்னிடம் சொன்னதுகூட இல்லை. லெனாக்ஸின் சாக்ஸபோன் தூக்கம் வராத மனுஷன் மாதிரி முனகுகிறது. டிரம்ஸ் ஒவ்வொரு அடியையும் யோசித்துவிட்டு அடிக்கிறது. இருட்டுத்தான். ஆனால் பயமுறுத்தும் இருட்டு இல்லை. கண் பழகப் பழக நாற்காலி எங்கே, மேஜை எங்கே என்று தெரிய வருமே, அந்த மாதிரி.

எல்லாவற்றையும் விட, நான் ஒரு வரி வாசித்து முடித்ததும் நீ அடுத்ததைக் கொண்டுவந்து திணிக்கவில்லை. காத்திருக்கிறாய். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு தட்டின் ஒரு பக்கத்தைக்கூட நீ உட்கார்ந்து முழுசாகக் கேட்டதில்லை, பாதியில் எழுந்து போய் ஊசியைத் தூக்கிவிடுவாய். அந்த ஆளா இதைச் செய்தது?

கையெழுத்துப் போட்ட தாள் இதோடு வருகிறது. ஏப்ரலுக்கு நானும் வருகிறேன். பாஸை ரயிலில் ஏற்றுவதுதான் பெரும் பாடு. அக்கா வீட்டில் தங்கிக்கொள்கிறேன். அதற்கப்புறம் என்ன என்பதை அப்புறம் பார்க்கலாம்.

அன்புடன்,
மார்வா


பிரிஸ்டல்
26 பிப்ரவரி

அன்புள்ள மார்வா,

உன் கடிதத்தை லெனாக்ஸின் கடையில் நின்றபடியே படித்தேன். சந்தோஷம் தாங்காமல் அவனுக்கும் வாசித்துக் காட்டினேன், கோபித்துக்கொள்ளாதே. ஐந்தாவது தந்தி பற்றிய வரி வந்ததும் அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"இரு இரு. நீ எப்படா பாஸை இறக்கின?"

"இறக்கலையே."

"அப்ப அவ எந்த வேகத்துல போட்டா?"

ஒலி நன்றாக இருக்கட்டும் என்று தட்டுகளை நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று வேகத்துக்குப் பதியச் சொன்னவன் நான். சிட்டையில் அதை எழுத மறந்தவனும் நான். ஆல்பம் என்றால் யாரும் முப்பத்துமூன்றில்தான் போடுவார்கள், நீயும் போட்டிருக்கிறாய். நீ கேட்ட ஆல்பத்தை நான் செய்யவில்லை, மார்வா. அந்தக் காத்திருப்பு என்னுடையது இல்லை. உன் ரெக்கார்ட் பிளேயர் மெதுவாகச் சுழன்றதில் சுருதியும் இறங்கிவிட்டது, அவ்வளவுதான்.

லெனாக்ஸ் சொன்னான்: "வாயை மூடிக்கிட்டு இரு. முதல்ல அவ வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." அப்படியே இருந்துவிடலாமா என்று ஒரு நாள் பார்த்தேன். முடியவில்லை. நீ வராமல் போனாலும் போகட்டும், பொய்யை நம்பி வரவேண்டாம்.

பிறகு நானும் அதை முப்பத்துமூன்றில் போட்டுக் கேட்டேன். சத்தியமாக எழுந்திருக்கவில்லை. மூன்றாவது டிராக்கில் ஒரு தட்டல் சத்தம் வரும். மைக் கோளாறு என்று நினைத்து அப்படியே விட்டிருந்தேன். மெதுவாகக் கேட்டபோதுதான் புரிந்தது, அது உன் கால். தரையில் தட்டிக்கொண்டே வாசித்திருக்கிறாய், என் டிரம்ஸுக்குக் கொஞ்சம் பின்னால், கடைசி வரைக்கும். நானோ உன்னை முன்னால் இழுத்துக்கொண்டே போயிருக்கிறேன். இத்தனை வருஷமும் அது என் காதுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

பிளேயரின் வேகக் குமிழை நாற்பத்தைந்துக்குத் திருப்பி ஒரு தடவை கேள். நீ அனுப்பிய தாளை இதோடு திருப்பி அனுப்புகிறேன். கேட்டபின் முடிவு செய். தொழிற்சாலைக்காரர்கள் போன் மேல் போன் போடுகிறார்கள். உன் பதில் வரும்வரை அச்சுக்குக் கொடுப்பதாக இல்லை.

நீல்


ஃபால்மவுத்
8 மார்ச்

அன்புள்ள நீல்,

பதில் எழுதத் தாமதம்தான். முதலில் உன்மேல் கோபம், பிறகு என்மேல். இல்லாத தந்திக்காக உருகி எழுதியிருக்கிறேன் பார். லெனாக்ஸ் கடைக்கு வருகிறவனிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பான், அவனை ஒரு கை பார்க்க வேண்டும்.

நாற்பத்தைந்தில் கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது. ஆனால் அது நான் விட்டுவிட்டு வந்த வீடு. ஒரு கையில் டோஸ்ட்டும் இன்னொரு கையில் சாவியுமாக நீ சமையலறை வாசலில் நிற்பதுகூடத் தெரிகிறது.

தாளை மறுபடியும் வைத்திருக்கிறேன், கையெழுத்தோடுதான். நாற்பத்தைந்திலேயே வெளியிடு. எனக்காக மெதுவாக்க வேண்டாம். அது நீ செய்தது இல்லை என்று நீயே எழுதிவிட்டாய். அந்த இன்னொரு ஆல்பம் என்னிடம் இருக்கட்டும். குமிழைத் திரும்ப முப்பத்துமூன்றில் வைத்துவிட்டேன்.

ஏப்ரலுக்கு வரமாட்டேன். நான் வருவதாகச் சொன்னது அந்த நிதானமான ஆளோடு வாசிக்க. அப்படி ஒருவன் இருக்கிறான் என்று உன் கடிதம் வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சில நாட்களில் எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நான் வந்திருப்பேன். அது தெரிந்தும் எழுதிவிட்டாய். தொழிற்சாலைக்காரர்களை நிறுத்தி வைத்துவிட்டு என் பதிலுக்காக உட்கார்ந்திருக்கிறாய். நீ எதற்காவது இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

என்றைக்காவது இந்தப் பக்கம் வந்தால் எதையும் தூக்கிக்கொண்டு வராதே. தட்டுகள் இங்கே இருக்கின்றன. நாலு பக்கத்தையும் என் வேகத்தில் கேட்கலாம். நடுவில் பேசக்கூடாது. கெட்டில் கூப்பிட்டாலும் எழுந்திருக்கக்கூடாது. ஊசி கடைசி வட்டத்துக்கு வந்து நின்றபிறகும் நீ நாற்காலியிலேயே இருந்தால், அப்புறம் பேசுவோம்.

மார்வா