பிடி அரிசி டிரம்

அக்கா,

இன்று காலை மாட்டுங்காவில் மளிகைக் கடைக்காரர் மூட்டையின் தையலைப் பிரித்தபோது பழைய அரிசியின் மணம் எழுந்தது. சணலும் தவிடும் காய்ந்த வேப்பிலையும் கலந்த மணம். தாராவியில் நம் சபைக் கோயிலின் பின்னறையில், திரைக்குப் பின்னால் நீங்கள் வைத்திருந்த நீல டிரம்மைத் திறந்தால் இதே மணம்தான் வரும். வாங்க வந்ததை மறந்து நின்றேன். நாளை ஞாயிறு என்பது நினைவுக்கு வந்தது.

பிடி அரிசி ஊரிலிருந்து நம்மோடு வந்த பழக்கம். உலையில் போடுமுன் ஒரு பிடி எடுத்து வைத்து, ஞாயிறன்று கோயிலுக்குக் கொண்டு வருவார்கள். நீங்கள் அதில் ஒன்றைச் சேர்த்தீர்கள். ஒவ்வொருவராகப் பையோடு திரைக்குப் பின்னால் போய், கொண்டுவந்ததைப் போட்டுவிட்டு, கொஞ்சமாவது எடுத்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். தோல் பட்டறை முதலாளிக்கும் அதே சட்டம். "வெறும் பையோட போறவன் பெரிய மனுஷனாயிருவான் தம்பி" என்பீர்கள்.

பாஸ்மதியும் புழுங்கலும் ரேஷன் அரிசியும் கலந்தது ஒருபோதும் ஒன்றுபோல் வேகாது. "பாதி கஞ்சி, பாதி கல்லு" என்று என் மனைவி திட்டியதைச் சொன்னேன். "நம்ம சபையும் அப்படித்தான இருக்கு. மென்னு திங்கச் சொல்லு" என்றீர்கள். ஒரு தடவை நான் அவசரப்பட்டுத் திரையை விலக்கியபோது டிரம்மிலிருந்து அள்ளிய அரிசியால் உங்கள் பை வாய்வரை நிறைந்திருந்தது. "என்ன பாக்க? பேப்பர்ல போடப் போறியா?" என்று சிரித்தீர்கள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு வசதியுள்ளவர்கள் போடுவதோடு நிறுத்திக்கொண்டார்கள். எடுக்க ஆள் குறைந்து அரிசி தேங்கியது. வண்டு விழுந்தது. புதிய செயலாளர் நல்ல மனிதர்தான். "வண்டு அரிச்சதையா ஆண்டவர் பேரால குடுக்கது?" என்று கேட்டார். டிரம்மை எடுத்துவிட்டார்கள். இப்போது போனிலேயே காணிக்கை அனுப்புகிறார்கள். நல்ல பொன்னி அரிசி வாங்கி, இல்லாதவர்களைப் பேர் சொல்லி முன்னால் அழைத்துக் கொடுக்கிறார்கள்.

போன ஞாயிறு முதல் தடவை. செல்வியைக் கூப்பிட்டார்கள். மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கிறவள், உங்களுக்குத் தெரியும். கடைசி வரிசையில் தலை குனிந்து இருந்தாள். "மம்மி, அப்னா நாம் போலா! நம்ம பேரு!" என்றாள் மகள். செல்வி எழுந்தாள். முன்னால் வரவில்லை. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் வழியே போய்விட்டாள்.

அவள் விட்டுப்போன பொட்டலத்தோடு நான் அவள் வீட்டுக்குப் போனேன். இரும்பு ஏணியின் மேல்படியில் நின்றுகொண்டே பேசினாள்.

"அரிசிய நான் குத்தம் சொல்லலண்ணே. நல்ல அரிசிதான். முன்னல்லாம் நானும் ஒரு பிடி போட்டுட்டுத்தான எடுப்பேன்? இப்ப எனக்குப் போட இடமில்லையே."

"இந்த வாரம் கோயிலுக்கு வருவேல்லா?"

"சாமி இங்கயும் கேப்பாரு. நீங்க அத எடுத்துட்டுப் போங்க."

அவள் வீட்டில் இந்த வாரம் என்ன வெந்தது என்று எனக்குத் தெரியாது. நேற்று செயலாளரிடம் பேசிப் பார்த்தேன். "அப்போ வண்டரிசியே குடுக்கச் சொல்லுதீங்களா அண்ணாச்சி?" என்றார். எல்லோரும் தின்றவரை அதில் வண்டு விழவில்லை என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இன்று கடையிலிருந்து நேராகத் தாராவிக்குப் போய் அந்த ஏணியின் கீழே மறுபடி நின்றேன். "செல்வி, நாளைக்கு எனக்கு ஒரு பிடி அரிசி கொண்டாருவியா?"

மேலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஒங்களுக்கா?"

"எனக்குத்தான். சோறு பொங்க."

கேலி செய்கிறேனா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அவளை இன்னொரு தடவை புண்படுத்திவிட்டேனோ என்ற பயம் இதை எழுதும்போதும் விடவில்லை.

நாளை அவள் வராவிட்டால் திங்கட்கிழமை திரும்பவும் போய்க் கேட்பேன். ஏழையிடம் கை நீட்ட எனக்குக் கூச்சமில்லை, அக்கா. உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான்.