ரொட்டி அறையிலிருந்து

பிப்ரவரி 3

அன்புள்ள கஹல் கெராட்டி அவர்களுக்கு,

தெற்கு லெபனானின் குன்றுகளில் குளிர் எப்படி என்று தெரியவில்லை. இங்கே அயர்லாந்தில் மழை. விளையாட்டு மைதானத்தில் பாதியை ஷானன் ஆறு எடுத்துக்கொண்டுவிட்டது. நீங்களும் உங்களோடு அமைதிப்படைக் காவலில் நிற்பவர்களும் நலமாக இருக்க இன்று காலையும் பிள்ளைகளோடு சேர்ந்து வேண்டிக்கொண்டேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. டெர்வ்லா உண்மையில் எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருந்தீர்கள். தேவையென்றால் பணிக்காலம் முடியும் முன்பே ஊர் திரும்ப விண்ணப்பிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள்.

அப்பாவுக்கு எதையெல்லாம் எழுதலாம் என்று அவளிடமே கேட்டேன். "ரெண்டு விஷயத்தை மட்டும் விட்டுடுங்க மிஸ். மத்ததெல்லாம் எழுதுங்க" என்றாள். அந்த இரண்டும் இந்தக் கடிதத்தில் இருக்காது.

நாம் ஒருமுறை சந்தித்திருக்கிறோம். செப்டம்பரில், புதிய மாணவிகளுக்கான திருப்பலி முடிந்ததும், என்னை மேல்வகுப்புப் பெண் என்று நினைத்து, டீ எங்கே கிடைக்கும் என்று கேட்டீர்கள். அந்த ரியோனாதான் நான். மனம் சரியில்லாத பிள்ளைகள் வந்து உட்காரும் அறை என் பொறுப்பில் இருக்கிறது. பழைய கன்னியர் மடத்தின் வரவேற்பறை. ஒரு சோபா, ஒரு கெட்டில், ஒரு டோஸ்டர், சுவரில் சிலுவை. சில பிள்ளைகள் பசியோடு வருகிறார்கள். மற்றவர்களுக்குப் பசி ஒரு சாக்கு. அதனால் அதற்கு ரொட்டி அறை என்று பெயர்.

நவம்பரில் நீங்கள் கிளம்பிய வாரத்திலிருந்து டெர்வ்லா தினமும் வந்தாள். ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நிற்பாள். ரொட்டி ஆறிப்போகும். எப்படி இருக்கிறாய் என்றால் "நல்லாத்தான் இருக்கேன் மிஸ்." வகுப்பிலும் ஜன்னல் பக்க இடத்தைக் கேட்டு வாங்கியிருந்தாள். "உடம்பு கணக்கு வகுப்புல இருக்கு, மனசு கேட்டுக்கு வெளிய நிக்குது" என்பார் அவளுடைய வகுப்புப் பொறுப்பாசிரியை திருமதி டூஹி. பகற்கனவு என்று நினைத்தோம்.

அவள் கனவு காணவில்லை. உங்களைப் போலவே காவலில் நின்றிருக்கிறாள்.

புனித பிரிஜிட் திருநாள் திருப்பலிக்கு உங்கள் படைமுகாமின் குருவானவர் ஃபாதர் மானஸை அழைத்தது நான்தான். இங்கே படைவீரர் வீட்டுப் பிள்ளைகள் நிறைய. மகிழ்வார்கள் என்று நினைத்தேன். அவர் ராணுவக் காரில் முன்வாசலுக்கே வந்து இறங்கினார். சீருடை, குருவானவரின் வெள்ளைக் கழுத்துப்பட்டை. கூடவே ஓர் இளம் அதிகாரி.

தட்டு விழுந்து உடையும் சத்தம் கேட்டுத்தான் நான் திரும்பினேன். ரொட்டி அறை ஜன்னலோரத்தில் நின்றிருந்த டெர்வ்லா அங்கே இல்லை.

கெட்ட செய்தி தொலைபேசியில் வராது. ஓர் அதிகாரியும் ஒரு குருவானவரும் வாசலுக்கே வந்து சொல்வார்கள். உங்கள் வீடுகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இது தெரிந்திருக்கிறது. எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது.

கோட்டுகள் மாட்டும் அறையில் இருந்தாள். ஈரமான மழைக்கோட்டுகளுக்கு நடுவே, யாருடைய கோட்டிலோ முகம் புதைத்து, காதுகளைப் பொத்திக்கொண்டு. "சொல்லாதீங்க மிஸ். சொல்லாதீங்க."

ஃபாதர் மானஸ் ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்தார். அவள் காதருகே குனிந்து சத்தமாகச் சொன்னார்: "அம்மாடி, உங்கப்பன் நல்லா இருக்கான். நேத்துகூட ஃபோன் போட்டு, எங்க ஊர் டீம் தோத்ததுக்கு அரை மணி நேரம் என் மானத்தை வாங்கினான்."

அவள் ஒரு காதிலிருந்து மட்டும் கையை எடுத்தாள். நம்பலாமா என்று பார்த்திருப்பாள்.

"எத்தனை பாயிண்ட்ல தோத்தீங்க?"

"பதினொண்ணு."

"அப்பா பன்னெண்டுன்னாரே."

"பாத்தியா? உங்கப்பனுக்குக் கணக்கும் வராது."

சிரித்தாள். பிறகு வெகுநேரம் அழுதாள். தேடிக்கொண்டு பின்னாலேயே வந்த வகுப்புத் தோழி ஓர்னா, "ஏய், அது என் கோட்டு! மூக்கைத் துடைச்சிராதடி" என்றாள். கொஞ்சம் யோசித்து, "சரி, துடைச்சுக்கோ. எப்படியும் ஈரம்தான்" என்றாள்.

அன்று திருப்பலியின் காணிக்கைப் பவனியில் ஒருத்தி கோரைச் சிலுவையைக் கொண்டுபோக, டெர்வ்லா வெண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுபோவதாக ஏற்பாடு. புனித பிரிஜிட் ஏழைகளுக்கு அள்ளிக் கொடுத்தது வெண்ணெயைத்தானே. டெர்வ்லா டோஸ்டரையும் கேட்டாள். "வெறும் வெண்ணெய் எப்படி மிஸ்?" ஓர்னா கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். "அடுத்த வருஷம் இவ ஃப்ரிட்ஜைத் தூக்குவா, நான் பின்னாடி பிடிக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். ஃபாதர் டோஸ்டரை இரு கைகளாலும் வாங்கிப் பீடத்தின் மேல் வைத்தார். அதிலிருந்து ரொட்டித்தூள் வெள்ளைத் துணியில் கொட்டியது. அவர் அதைத் தட்டிவிடவில்லை.

அன்று மாலை உங்கள் மனைவி நோரீன் வந்தார். வீட்டில் அவரும் ஜன்னலோரம்தான் உட்காருகிறாராம். அம்மாவும் மகளும் இந்தப் பயத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதே இல்லை. இப்போது சொல்லிக்கொண்டார்கள்.

இனி சீருடையோடு யாரும் பள்ளியின் முன்வாசலுக்கு வரமாட்டார்கள். ஃபாதர் மானஸ் வந்தால் பழைய ஸ்வெட்டரில், பின்வாசல் வழியாக. கணக்கு வகுப்பில் இப்போது ஜன்னல் பக்கம் ஓர்னா உட்காருகிறாள். "கார் வந்தா நான் சொல்றேன். நீ கணக்கைப் பாரு, எனக்கும் சேத்து." இது யாரும் ஏற்பாடு செய்ததில்லை. இன்று டெர்வ்லா ரொட்டியைச் சூடாகச் சாப்பிட்டாள். இரண்டு துண்டு.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் வரவேண்டுமா என்று அவளிடம் கேட்டேன். "வேணாம். பாதியில வந்தா என்னாலதான் வந்தாருன்னு ஆயிடும். மே மாசமே வரட்டும்" என்றாள். தட்டைக் கழுவினாள். துடைத்தாள். பிறகு சொன்னாள்: "ஃபோன்ல எப்பவும் நல்லாத்தான் இருக்கேன்கறாரு மிஸ். ரேடியோல வேற மாதிரி சொல்றாங்க. நான் எதைத்தான் நம்பறது?"

ஆகவே வர வேண்டாம். அவள் தேறிவருகிறாள். ஒரே ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை ஃபோனில், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று அவள் கேட்பாள். அப்போது மட்டும் நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்லிவிடாதீர்கள். காலுறை நனைந்தது, சமையல்காரர் உப்பை மறந்தார், இரவு சத்தம் கேட்டது, பயமாக இருந்தது, பிறகு டீ குடித்தோம். எது உண்மையோ அது. நீங்கள் சொன்னால், நான் எழுதாத அந்த இரண்டையும் அவளே உங்களிடம் சொல்வாள் என்று நினைக்கிறேன்.

விரிக்க விரிக்க வளர்ந்து நிலமெல்லாம் மூடியதாம் பிரிஜிட்டின் மேலாடை; அது அந்தக் குன்றுகள் வரை நீளட்டும். மே மாதம் நீங்களே இங்கே வாருங்கள். பின்வாசல் வழியாக, சாதாரண உடுப்பில். ரொட்டி சூடாக இருக்கும்.

உங்கள் மகளின் பள்ளியிலிருந்து,
ரியோனா