இரண்டு பேருக்கு ஒரு குழாய்

10-4-1983
மண்டபம் கடலில் சுண்ணாம்புக் காளவாசலுக்காகப் பவளப்பாறைகளை வெட்டிக் கொண்டுபோகிறார்கள். முங்கிப் பார்த்து மிச்சத்தைக் கணக்கெடுக்க ஒரு சங்கம் தொண்டர்களைக் கூப்பிட்டிருக்கிறது. நானும் கல்லூரியில் என்னோடு விலங்கியல் சொல்லித்தரும் ஹாலாஸ்யமும் ஜோடி. ஆழத் தண்ணீரில் பழகாதவர்களுக்குப் படகில் இடமில்லையாம். பழகிக்கொள்ளக் கொட்டாம்பட்டியில் அவன் அப்பாவின் கிணறு இருக்கிறது. என் ஊரும் அதுதான். சின்ன வயதில் அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்ததற்கே அடி வாங்கியிருக்கிறேன்.

17-4-1983
சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு அந்தக் கிணற்றின் அடிமண்ணைத் தொட்டுவிட்டேன்! ஒருவனுக்குக் காற்று தீர்ந்தால் மற்றவனின் வாய்க்குழாயை வாங்கி மாறி மாறி மூச்சு விடவேண்டும். அந்தப் பயிற்சியை மட்டும் ஹாலாஸ்யம், "தெரிஞ்சதுதானேடா, விடு" என்றான். தெரிந்ததாம்! எச்சில் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

19-4-1983
ஊரிலிருந்து அம்மா என் கோரிப்பாளையம் அறைக்கு வந்தாள். நேற்று முழுக்க மோட்டார் ஓடியதாம். நான் இறங்கிய கிணற்றை ஹாலாஸ்யத்தின் அப்பா பஞ்சாபகேசன் வற்ற இறைத்துக் கொட்டியிருக்கிறார். மழையில்லாமல் மாடு சாகிற வருஷத்தில்!
"அம்புட்டுத் தண்ணியும் வாய்க்கால்ல ஓடுச்சு சுடல. நம்ம தெருவே குடத்தோட நின்னுச்சு. தெனம் வந்து குதிச்சுட்டுப் போயேன்" என்று சிரிக்கிறாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை. எம்.எஸ்ஸி. படித்து என்ன? நான் என்ன சாக்கடையா?

20-4-1983
ஹாலாஸ்யத்திடம் கேட்டேன். "அப்பா பழைய மனுஷன்டா" என்றான். நீ புது மனுஷன்தானே, நீ என்ன கிழித்தாய்? இவர்களுக்காக நான் ஏன் கடலை விடவேண்டும்? போகத்தான் போகிறேன்.

8-5-1983, மண்டபம்
கடப்பாரை பட்ட பாறையை அளந்துகொண்டிருந்தோம். ஹாலாஸ்யத்துக்குக் காற்று நின்றுவிட்டது. கண் பிதுங்க, என் வாயிலிருந்த குழாயைப் பிடுங்கிக்கொண்டான். பழகியிருந்தால்தானே திருப்பித் தரத் தெரியும்! அவன் பிடுங்க, நான் பிடுங்க — எப்படியோ மேலே வந்தோம். படகில் வாந்தி எடுத்தான். பிறகு என் காதருகே வந்து சொன்னான்: "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்டா."
சாகப் பார்த்ததைச் சொல்லவில்லை. என் எச்சிலைச் சொல்கிறான்!

14-6-1983
ஹாலாஸ்யம் அடுத்த பயணத்துக்கும் என்னையே ஜோடியாகக் கேட்கிறான். "உங்க அப்பாகிட்ட நடந்ததச் சொல்லிட்டு வா, பெறகு முங்கலாம்" என்றேன்.

15-6-1983
ஆசிரியர் அறையில் நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தான்.

26-6-1983
காலையில் கோரிப்பாளையத்தில் என் அறை வாசலில் டிரங்குப் பெட்டியோடு நின்றான். "சொல்லிட்டேன்டா" என்றான். பெட்டியை வாங்கி உள்ளே வைத்தேன். மத்தியானம் நான் வைத்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டு உப்பு போதாது என்றான். இப்போது என் பாயில் குறட்டை விட்டுத் தூங்குகிறான். எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை.